ஒரு செயினிலிருந்து இன்னொரு செயினுக்குக் கிரிப்டோவைப் பத்திரமாக மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யுஎஸ்டிடியோ (டாலர் மதிப்போடு இணைத்த டோக்கன்) ஈதரோ (எத்தேரியத்தின் சொந்தக் காயின்) கையில் வைத்திருக்கும் நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் கேட்டவைதான் இங்கே இருக்கின்றன. சிலர் அனுப்புவதற்கு முன்னால் கேட்டார்கள். சிலர் தவறான நெட்வொர்க்கில் அனுப்பிவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்தார்கள். எந்தக் காயினை வாங்கலாம், விலை ஏறுமா என்பதற்கு இங்கே பதில் கிடையாது. கையில் இருப்பது தொலையாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு செயினில் இருக்கும் காயின் இன்னொரு செயினுக்கு எப்படிப் போகிறது?

போவதே இல்லை. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். பிட்காயின், எத்தேரியம் போன்ற ஒவ்வொரு செயினும் (நெட்வொர்க் என்றும் சொல்வார்கள்) தனித்தனிக் கணக்குப் புத்தகம். பிட்காயின் என்பது பிட்காயின் செயினின் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் பதிவு. எத்தேரியம் என்று ஒன்று இருப்பதே அந்தப் புத்தகத்துக்குத் தெரியாது. ஆகவே 'மாற்றுகிறோம்' என்று நாம் சொல்லும்போது நடப்பது மூன்றில் ஒன்று.

முதல் வழி, இங்கே பூட்டிவைத்துவிட்டு அங்கே புதிதாக அச்சிடுவது. கோவில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்வோமே, அந்த மாதிரி. 2019 ஜனவரியிலிருந்து புழக்கத்தில் இருக்கும் டபிள்யூபிடிசி இப்படிப்பட்டதுதான். அசல் பிட்காயின் ஒரு காப்பாளரிடம் இருக்கும், அதற்கு ஈடான டோக்கன் எத்தேரியத்தில் சுற்றும். இரண்டாவது வழி, இங்கே எரித்துவிட்டு அங்கே அச்சிடுவது. டோக்கனை வெளியிடும் நிறுவனமே இதைச் செய்யும். யுஎஸ்டிசி என்ற இன்னொரு டாலர் டோக்கனை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் 2023-ல் கொண்டுவந்த சிசிடிபி என்ற முறை இந்த வகை. மூன்றாவது, இரண்டு செயினிலும் பணம் குவித்து வைத்திருக்கும் ஒருவர் இந்தப் பக்கம் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் கொடுப்பது.

முதல் வழியில் போனால் உங்கள் கையில் இருப்பது டோக்கன் மட்டும். செருப்பு ஸ்டாண்டிலிருந்து திருட்டுப் போய்விட்டால் அந்த டோக்கனுக்கு மதிப்பில்லை. செயினுக்குச் செயின் இப்படி மாற்றித்தரும் சேவைக்குப் பிரிட்ஜ் என்று பெயர். பெரிய பிரிட்ஜ் கொள்ளைகள் பலவும் இந்த இடத்தில்தான் நடந்திருக்கின்றன. கீழே அதைப் பற்றிச் சொல்கிறேன்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) யுஎஸ்டிடி எடுக்கும்போது நெட்வொர்க் கேட்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பெறும் இடம் எதை ஏற்றுக்கொள்கிறதோ அதை. கட்டணம் குறைவு என்பதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. அந்தப் பட்டியலில் இஆர்சி-20 என்றால் எத்தேரியம், டிஆர்சி-20 என்றால் டிரான், பிஇபி-20 என்றால் பிஎன்பி செயின். பெயர் ஒன்றே என்றாலும் மூன்றும் மூன்று வேறு டோக்கன்கள். வேலையைப் பெறும் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். அங்கே டெபாசிட் பக்கத்தைத் திறந்து, நெட்வொர்க்கைப் பார்த்து, முகவரியை நகலெடுத்து, அப்புறம் அனுப்பும் பக்கத்துக்கு வாருங்கள்.

முகவரியைப் பார்த்தே நெட்வொர்க்கைச் சொல்லிவிட முடியாதா?

பாதி முடியும். டிரான் முகவரி 'டி' எழுத்தில் தொடங்கி 34 எழுத்து நீளம் இருக்கும். புதிய வகைப் பிட்காயின் முகவரி 'பிசி1' என்று தொடங்கும். இவை ஒன்றோடொன்று குழம்பாது, படிவமே பெரும்பாலும் தடுத்துவிடும்.

ஆபத்து இருப்பது '0எக்ஸ்' என்று தொடங்கும் 42 எழுத்து முகவரியில். எத்தேரியம், பிஎன்பி செயின், பாலிகான், ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம், பெரும்பாலான வாலட்டுகளில் (காயினின் சாவியை வைத்திருக்கும் செயலி) ஒரே முகவரி. எதில் அனுப்பினாலும் எந்தப் படிவமும் உங்களைத் தடுக்காது.

தவறான நெட்வொர்க்கில் அனுப்பிவிட்டேன். பணம் போய்விட்டதா?

முதலில் உட்காருங்கள். அவசரப்பட்டு இன்னொரு டிரான்சாக்ஷன் போடாதீர்கள். பெறும் முகவரியின் சாவி, அதாவது அங்கிருந்து பணத்தை நகர்த்தத் தேவையான ரகசிய எண், யார் கையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

சாவி உங்கள் சொந்த வாலட்டில் இருந்து, இரண்டுமே 0எக்ஸ் செயின்கள் என்றால் பணம் பத்திரமாக இருக்கிறது. எத்தேரியத்துக்குப் பதில் பிஎன்பி செயினில் அனுப்பியிருந்தால், வாலட்டில் அந்த நெட்வொர்க்கைச் சேர்த்ததும் தெரியும். தெரியாவிட்டால் டோக்கனின் கான்ட்ராக்ட் முகவரியை (கான்ட்ராக்ட் என்பது செயினில் ஓடும் நிரல்) அந்தச் செயினின் எக்ஸ்ப்ளோரரிலிருந்து (டிரான்சாக்ஷன்களைத் தேடிப் பார்க்கும் தளம்) எடுத்துச் சேர்க்க வேண்டும். பலர் இந்த இடத்தில் 'போச்சு' என்று அழுதுவிட்டு, ஐந்து நிமிடத்தில் சிரித்திருக்கிறார்கள்.

சாவி எக்ஸ்சேஞ்சிடம் இருந்தால் அவர்கள் மனது வைக்க வேண்டும். எனக்கே நடந்தது. 2021-ல் சுமார் 300 டாலர் யுஎஸ்டிடியை ஒரு எக்ஸ்சேஞ்சுக்கு பிஇபி-20-ல் அனுப்பினேன். நான் நகலெடுத்த முகவரியோ இஆர்சி-20 டெபாசிட்டுக்கானது. எக்ஸ்ப்ளோரரில் பச்சை நிறத்தில் வெற்றி என்று காட்டியது. எக்ஸ்சேஞ்ச் கணக்கில் ஒன்றுமே இல்லை. இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். ஹேஷ் (டிரான்சாக்ஷனின் அடையாள எண்), தொகை, ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து எழுதிப்போட்டு, மூன்றரை வாரம் கழித்து, ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். கொடுக்க மாட்டோம் என்று சொல்லியிருந்தால் நான் ஒன்றும் செய்திருக்க முடியாது. சில எக்ஸ்சேஞ்சுகள் அப்படித்தான் சொல்கின்றன.

முகவரி ஒரு கான்ட்ராக்டுடையது என்றால் நிலைமை மோசம். டோக்கனின் கான்ட்ராக்ட் முகவரியையே பெறும் முகவரி என்று நினைத்து அனுப்பினால், பெரும்பாலும் அது திரும்பாது. பலர் சேர்ந்து கையெழுத்துப் போடும் மல்டிசிக் வாலட்டும் கான்ட்ராக்ட்தான். ஒரு செயினில் அது உங்களுடையது என்பதால் அதே முகவரி மற்ற செயினிலும் உங்களுடையது ஆகிவிடாது.

2022-ல் நடந்ததைப் பாருங்கள். ஆப்டிமிசம் அறக்கட்டளை விண்டர்மியூட் என்ற வர்த்தக நிறுவனத்துக்கு 2 கோடி ஓபி டோக்கன்களைக் கொடுத்தது. அந்த நிறுவனம் கொடுத்த முகவரி எத்தேரியத்தில் அவர்களுடைய மல்டிசிக். ஆப்டிமிசம் செயினில் அதை அவர்கள் அமைத்திருக்கவில்லை. வேறொருவர் முந்திக்கொண்டு அதே முகவரியில் ஒரு வாலட்டை அமைத்து மொத்தத்தையும் தன் வசமாக்கினார். பிறகு பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார், அது அதிர்ஷ்டம். இதில் என்னை உலுக்கியது வேறொன்று. அறக்கட்டளை முதலில் இரண்டு தடவை சோதனையாக அனுப்பியிருந்தது. விண்டர்மியூட்டும் 'வந்துவிட்டது' என்று இரண்டு தடவை சொன்னது. வந்தது உண்மைதான். வந்ததை அங்கிருந்து எடுக்க முடியுமா என்று யாரும் பார்க்கவில்லை.

அதனால் எல்லோருக்கும் நான் சொல்வது இது: சோதனைத் தொகை வந்து சேர்ந்ததும் சோதனை முடியவில்லை. அதை அங்கிருந்து வேறொரு முகவரிக்கு ஒரு முறை அனுப்பிப் பார்த்த பிறகுதான் முடிகிறது.

பணம் வந்துவிட்டது, ஆனால் நகர்த்த முடியவில்லை. ஏன்?

அந்தச் செயினின் சொந்தக் காயின் உங்களிடம் இருக்காது. கட்டணத்தை அதில்தான் கட்ட வேண்டும். டிரானுக்கு டிஆர்எக்ஸ், பிஎன்பி செயினுக்கு பிஎன்பி, சோலானாவுக்கு எஸ்ஓஎல், பாலிகானுக்கு பிஓஎல், ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் மூன்றுக்கும் ஈதர். பஸ்ஸில் 500 ரூபாய் நோட்டை நீட்டிவிட்டு சில்லறை இல்லாமல் நிற்பது போல ஆகிவிடும். பெரிய தொகையை அனுப்பும் முன்பே கொஞ்சம் காயினை அங்கே போட்டுவையுங்கள். சிசிடிபி போன்ற சில வழிகளில் போய்ச் சேர்ந்த பக்கத்தில் நீங்களே ஒரு முறை 'பெற்றுக்கொள்' என்று அழுத்த வேண்டியிருக்கும், அதற்கும் கட்டணம் உண்டு. மாட்டிக்கொண்டது போலத் தெரியும் பணம் சில சமயம் அந்த ஒரு அழுத்தலுக்காகக் காத்திருக்கும்.

இதை வைத்து ஒரு மோசடி நடக்கிறது. 'என் வாலட்டில் யுஎஸ்டிடி இருக்கிறது, எடுக்கத் தெரியவில்லை' என்று அப்பாவி போல யாரோ வாலட்டைத் திறக்க உதவும் மீட்புச் சொற்கள் பன்னிரண்டையும் எழுதிப் போடுவார்கள். திறந்து பார்த்தால் உள்ளே பணம் இருக்கும், டிஆர்எக்ஸ் இருக்காது. கட்டணத்துக்கு என்று நீங்கள் போடும் டிஆர்எக்ஸ்தான் அவர்கள் சம்பாத்தியம். அந்த யுஎஸ்டிடியை உங்களால் எடுக்கவே முடியாதபடி அமைத்திருப்பார்கள்.

மெமோ, டேக் என்று கேட்கிறதே, அது கட்டாயமா?

எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்ஆர்பி, ஸ்டெல்லார், டான் போன்றவற்றை அனுப்பும்போது கட்டாயம். எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே முகவரியை வைத்துக்கொண்டு, இந்த எண்ணை வைத்துத்தான் யார் பணம் என்று பிரிக்கிறார்கள். மறந்துவிட்டால் ஹேஷுடன் எழுதிக் கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும், தாமதமாகும். சொந்த வாலட்டுக்கு அனுப்பினால் தேவையில்லை.

பிரிட்ஜ் நல்லதா, எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போவது நல்லதா?

சிறு தொகை, எப்போதாவது ஒரு தடவை என்றால் எக்ஸ்சேஞ்ச் வழிதான் என் தேர்வு. ஒரு நெட்வொர்க்கில் டெபாசிட் செய்து இன்னொன்றில் எடுத்துவிடலாம். ஆனால் எடுக்க முடிகிறதா என்பதை டெபாசிட் செய்வதற்கு முன்னால் பாருங்கள். இந்தியாவில் சில தளங்கள் வாங்க விடும், வெளி வாலட்டுக்கு எடுக்க விடாது. வேலை முடிந்ததும் அங்கே எதையும் விட்டுவைக்காதீர்கள். 2024 ஜூலை 18-ல் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் 23 கோடி டாலருக்கு மேல் திருடுபோனது. வாடிக்கையாளர்கள் ஒரு வருடத்துக்கு மேல் தங்கள் காயினை எடுக்க முடியாமல் தவித்தார்கள்.

பிரிட்ஜ்களை நம்பலாமா?

எதை நம்புகிறோம் என்று தெரிந்து நம்பலாம். எத்தேரியத்தை உருவாக்கிய விட்டாலிக் பியூட்டரின் 2022 ஜனவரியில் செயின்களுக்கு இடையிலான பிரிட்ஜ்களின் அடிப்படைப் பலவீனத்தைப் பற்றி எழுதினார். ஒரு சொத்தை அதன் சொந்தச் செயினில் வைத்திருப்பதே பத்திரம் என்பது அவர் வாதம். அடுத்த மாதமே வார்ம்ஹோல் பிரிட்ஜில் கையெழுத்தைச் சரிபார்க்கும் இடத்தில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, எதையும் பூட்டாமலேயே சோலானாவில் 1,20,000 ஈதர் டோக்கனை ஒருவர் அச்சிட்டார். செருப்பே வைக்காமல் டோக்கன் வாங்கிய கதை. ஜம்ப் கிரிப்டோ என்ற நிறுவனம் தன் கையிலிருந்து அந்தப் பள்ளத்தை அடைத்ததால் மற்றவர்கள் தப்பினார்கள்.

மார்ச்சில் ரோனின். ஆக்ஸி இன்ஃபினிட்டி விளையாட்டுக்காக நடத்தப்பட்ட பிரிட்ஜ் அது. ஒன்பது பேரில் ஐந்து பேர் கையெழுத்திட்டால் பணம் வெளியே போகும். அந்த ஒன்பதில் நான்கு சாவிகள் ஒரே நிறுவனத்திடம் இருந்தன. ஐந்தாவதாக ஒரு அமைப்பு, நெரிசல் நேரத்தில் உதவிக்காக அந்த நிறுவனத்துக்குக் கையெழுத்து அனுமதி கொடுத்திருந்தது. தேவை முடிந்த பிறகும் அனுமதியை யாரும் நீக்கவில்லை. திருடர்கள் நிறுவனத்துக்குள் புகுந்தபோது ஐந்தும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டன. 1,73,600 ஈதரும் 2.55 கோடி யுஎஸ்டிசியும் போயின. ஆறு நாள் கழித்து ஒரு பயனர் 5,000 ஈதரை எடுக்க முடியவில்லை என்று சொன்ன பிறகுதான் விஷயமே வெளியே தெரிந்தது. வட கொரியாவின் லாசரஸ் குழு செய்தது என்று அமெரிக்காவின் எஃப்பிஐ அறிவித்தது.

ஆகஸ்டில் நோமாட். ஒரு மேம்படுத்தலில் நேர்ந்த பிழையால், சரிபார்க்கப்படாத செய்தியையும் சரிபார்த்ததாக அது எடுத்துக்கொண்டது. முதல் திருடனின் டிரான்சாக்ஷனை அப்படியே நகலெடுத்து, தங்கள் முகவரியைப் போட்டு நூற்றுக்கணக்கானோர் அள்ளினார்கள். சுமார் 19 கோடி டாலர். அடுத்த வருடம் மல்டிசெயின்: அதன் சாவிகளெல்லாம் தலைமை அதிகாரி ஒருவரின் கட்டுப்பாட்டில் இருந்தது, அவர் சீனாவில் போலீஸ் பிடியில் போன பிறகுதான் வெளியே தெரிந்தது. 2023 ஜூலையில் அதிலிருந்து 12 கோடி டாலருக்கு மேல் வெளியேறியது. ஃபேண்டம் செயினில் மல்டிசெயின் அச்சிட்ட யுஎஸ்டிசியை வைத்திருந்தவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. அனுப்பும்போது எல்லாம் சரியாகத்தான் நடந்தது. மாதங்கள் கழித்து, வாலட்டில் சும்மா கிடந்த டோக்கன் மதிப்பிழந்தது.

பிரிட்ஜைக் கடக்கும் சில நிமிடங்கள் மட்டும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். அந்தப் பிரிட்ஜ் அச்சிட்ட டோக்கனை நீங்கள் வைத்திருக்கும் நாளெல்லாம் அதன் ஆபத்தும் உங்களோடு இருக்கிறது.

அப்படியானால் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

யுஎஸ்டிசி என்றால் எரித்து அச்சிடும் வழி. பூட்டிவைத்த குவியல் எதுவும் கிடையாது, போய்ச் சேர்வது அசல். சில செயின்களில் 'யுஎஸ்டிசி' என்றும் 'யுஎஸ்டிசி.இ' என்றும் இரண்டு இருக்கும். இரண்டாவது, பிரிட்ஜ் வழியாக வந்தது. கான்ட்ராக்ட் முகவரியை சர்க்கிளின் தளத்தில் இருக்கும் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் போன்றவற்றுக்கு ஈதர் அனுப்ப அவற்றின் அதிகாரபூர்வ பிரிட்ஜ் நல்லது. போகும்போது சில நிமிடம். எத்தேரியத்துக்குத் திரும்பும்போது சுமார் ஏழு நாள் ஆகும். பயப்பட வேண்டாம், பொய்க் கணக்கு காட்டினால் மற்றவர்கள் ஆட்சேபிப்பதற்கான அவகாசம் அது. ஏழு நாள் முடிந்ததும் நீங்களே வந்து பெற்றுக்கொள்ள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் அக்ராஸ் போன்ற மூன்றாம் வகை பிரிட்ஜில் சிறு கட்டணம் கொடுத்து உடனே வாங்கிக்கொள்ளலாம். அங்கே அசல் ஈதரே கைக்கு வருவதால், வந்து சேர்ந்த பிறகு அந்தப் பிரிட்ஜுக்கு என்ன ஆனாலும் உங்களைத் தொடாது. எனக்கு அவசரமில்லை என்றால் ஏழு நாள் காத்திருப்பேன்.

ஹேக்கர் தவிர வேறு என்ன ஆபத்து?

தேடலில் மேலே வரும் விளம்பரம். பிரபல பிரிட்ஜ்களின் பெயரில் ஒரு எழுத்து மட்டும் மாறிய போலித் தளங்கள் அங்கே வந்து நிற்கும். முதல் தடவை திட்டத்தின் ஆவணப் பக்கத்திலிருந்து போய், புக்மார்க் செய்துகொண்டு, பிறகு அதிலிருந்து மட்டுமே திறந்துகொள்ளுங்கள்.

அடுத்து அப்ரூவல். பிரிட்ஜ் உங்கள் டோக்கனைத் தொட அனுமதி கேட்கும்போது வரம்பில்லாத தொகையை வாலட் காட்டினால், அந்த எண்ணை அழித்துவிட்டு அனுப்பும் தொகையை மட்டும் எழுதுங்கள். வரம்பில்லாமல் கொடுத்துவிட்டால், பின்னொரு நாள் அந்த கான்ட்ராக்டில் ஓட்டை விழும்போது உங்கள் வாலட்டிலிருந்தே போகும். பழைய அனுமதிகளை எக்ஸ்ப்ளோரரிலேயே பார்த்து ரத்து செய்யலாம்.

மூன்றாவது, பழைய டிரான்சாக்ஷனிலிருந்து முகவரியை நகலெடுப்பது. நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரியின் முதல் சில எழுத்தும் கடைசி சில எழுத்தும் ஒத்துப்போகிற இன்னொன்றை உருவாக்கி, அதிலிருந்து சைபர் தொகையை அனுப்பி, உங்கள் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். 2024 மே மாதம் ஒருவர் இப்படி 1,155 டபிள்யூபிடிசியை, சுமார் 6.8 கோடி டாலரை, திருடனுக்கே அனுப்பிவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு அது திரும்பி வந்தது. நம் 500 டாலருக்கு யாரும் பேச்சுவார்த்தைக்கு வரப்போவதில்லை. நடு எழுத்துகளையும் படியுங்கள்.

நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?

ஆர்பிட்ரத்திலிருந்து பேஸுக்கு 2,000 யுஎஸ்டிசி என்று வைத்துக்கொள்வோம். மதியச் சாப்பாடு முடிந்த பிறகு, கம்ப்யூட்டரில், வேறு வேலை இல்லாத நேரத்தில் உட்காருவேன். பஸ்ஸில் போனிலிருந்து செய்ய மாட்டேன். ஒரு நோட்டில் தேதி, எங்கிருந்து, எங்கே, எவ்வளவு என்று எழுதுவேன். பேஸில் ஈதர் கொஞ்சம் இருக்கிறதா என்று பார்ப்பேன். புக்மார்க்கிலிருந்து பிரிட்ஜைத் திறந்து 10 யுஎஸ்டிசி அனுப்புவேன். ஹேஷின் கடைசி ஆறு எழுத்தை நோட்டில் குறிப்பேன். வந்ததும் கான்ட்ராக்ட் முகவரியைப் பார்த்து அசல்தான் என்று உறுதி செய்துகொண்டு, அதில் 5-ஐ என்னுடைய இன்னொரு வாலட்டுக்கு அனுப்புவேன். அது போனால்தான் மீதி 1,990. மிகப் பெரிய தொகை என்றால் இரண்டு மூன்று பங்காகப் பிரித்துவிடுவேன். மொத்தம் அரை மணி நேரம் பிடிக்கும்.

வரி உண்டா?

இந்தியாவில் உங்கள் ஒரு வாலட்டிலிருந்து உங்கள் இன்னொரு வாலட்டுக்கு அதே காயினை நகர்த்துவது விற்பனை அல்ல. வழியில் ஒரு டோக்கனைக் கொடுத்து வேறு டோக்கன் வாங்கினால் அது மாற்றம், லாபத்துக்கு 30 சதவீத வரி வரும். வாங்கிய விலையைத் தவிர, செயினுக்குக் கட்டும் கேஸ் கட்டணம் எதையும் கழிக்க முடியாது, நஷ்டத்தை வேறு லாபத்தில் ஈடுகட்டவும் முடியாது. மேலே சொன்ன நோட்டு ஆடிட்டரிடம் போகும்போதும் உதவும்.

நடுவில் நின்றுவிட்டது. யாரைக் கேட்பது?

முதலில் அனுப்பிய செயினின் எக்ஸ்ப்ளோரரில் ஹேஷைப் போடுங்கள். தோல்வி என்று இருந்தால் பணம் உங்களிடமே இருக்கிறது, கட்டணம் மட்டும் போயிருக்கும். வெற்றி என்றால், பிரிட்ஜின் சொந்த எக்ஸ்ப்ளோரரிலோ நிலவரப் பக்கத்திலோ அதே ஹேஷைப் போட்டால் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரியும். பெரும்பாலும் உறுதிப்படுத்தலுக்காகவோ, உங்கள் 'பெற்றுக்கொள்' அழுத்தலுக்காகவோ நிற்கும். அதுவும் இல்லை என்றால் பிரிட்ஜ் தளத்தின் உள்ளேயே இருக்கும் உதவிப் படிவத்தில் ஹேஷையும் இரண்டு முகவரிகளையும் எழுதுங்கள். அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தேவைப்படாது.

டெலிகிராம் குழுவில் கேள்வி கேட்டால் ஒரு நிமிடத்துக்குள் 'சப்போர்ட்' என்ற பெயரில் தனிச் செய்தி வரும். வாலட்டைச் சரிசெய்கிறேன், மீட்புச் சொற்களை இந்தப் பக்கத்தில் எழுதுங்கள் என்பார்கள். தொலைந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்றும் வருவார்கள். உறுதியான டிரான்சாக்ஷனை வெளியிலிருந்து யாராலும் திருப்ப முடியாது. பதில் எழுதாமல் தடை செய்துவிட்டு, படிவத்துக்குப் பதில் வரும்வரை காத்திருங்கள்.